‘இல்லை’ என்ற பதிலும் பெஜவாடா வில்சனின் கோப்பும்

நகராட்சிப் பொறியியல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை வியக்க வைத்தது, மேலிடத்து அவசரக் கடிதங்களுக்குப் பதில் தயாராகும் வேகம்தான். காலையில் படிவம் வரும், மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். தண்ணீர் இல்லாமல், ஆள் வந்து அள்ளிப்போகும்படி கட்டிய உலர் கழிப்பிடங்கள் எத்தனை, கையால் மலம் அள்ளுவோர் எத்தனை பேர் என்று கட்டம் போட்டுக் கேட்டிருப்பார்கள். பிரிவு எழுத்தர் துப்புரவு ஆய்வாளருக்குப் போன் போடுவார். ஆய்வாளர் மேஸ்திரியைக் கேட்பார். “அதெல்லாம் இப்ப ஏது சார்?” என்பார் மேஸ்திரி. எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ ஏறிவிடும். பொய் எழுத வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டம் போடுவதில்லை. இருக்கிறது என்று எழுதினால் ஏன் இருக்கிறது, யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை என்று வரிசையாகக் கடிதம் வரும். இல்லை என்று எழுதினால் கோப்பு அன்றைக்கே முடிந்துவிடும்.

கையால் மலம் அள்ளும் வேலையை ஒழிக்கப் பாடுபட்டுவரும் பெஜவாடா வில்சனைப் பற்றி எழுதுகிறவர்கள் போராளி, 2016இல் மகசேசே விருது பெற்றவர் என்று தொடங்குவார்கள். சரிதான். ஆனால் காகிதத்தோடு காலம் தள்ளிய எனக்கு அவர் வேறு மாதிரித் தெரிகிறார். அரசாங்கத்தின் கோப்புக்கு எதிராக இன்னொரு கோப்பைப் பல வருடமாகச் சேர்த்துக்கொண்டே வந்தவர் அவர்.

1966இல் கோலார் தங்கவயலில் பிறந்தவர். சுரங்கத்துக்காகத் தமிழர்கள் திரளாகப் போய்க் குடியேறிய ஊர் அது. வில்சனின் வீட்டில் தெலுங்கு. அப்பா துப்புரவுத் தொழிலாளி, உலர் கழிப்பிடங்களில் மலம் அள்ளியவர். மகனை விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். படித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியப் போனால், அங்கேயும் அதே துப்புரவு வேலைக்குத்தான் அவரைப் பதிந்தார்களாம். ஒருவன் என்ன படித்திருக்கிறான் என்று பார்க்காமல் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று பார்த்து நிரப்பப்படும் படிவங்களை நானும் பார்த்திருக்கிறேன்.

1986இலிருந்து அவர் கடிதம் எழுதத் தொடங்கினார். தங்கவயல் நிர்வாகம், மாநில அமைச்சர்கள், பிரதமர், பத்திரிகைகள் என்று யாரையும் விடவில்லை. பெரும்பாலும் பதிலே இல்லை. 1993இல் உலர் கழிப்பிடங்களையும் கையால் மலம் அள்ள ஆள் வைப்பதையும் தடை செய்து சட்டம் வந்தது. ஊரில் ஒன்றும் மாறவில்லை. அப்புறம்தான் கழிப்பிடங்களையும் அங்கே வேலை செய்தவர்களையும் படமெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பினார். படங்கள் அச்சில் வந்ததும் விஷயம் நாடாளுமன்றம் வரை போனது. நிர்வாகம் அவசரக் கூட்டம் போட்டு, உலர் கழிப்பிடங்களைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் நீரடைப்புக் கழிப்பிடங்களாக மாற்றியது. தொழிலாளர்களை வேறு வேலைக்கு மாற்றியது. கடிதங்களால் அசைக்க முடியாததைப் படங்கள் அசைத்தன.

அடுத்து அவரோடு சேர்ந்தவர்களில் ஒருவர் எஸ்.ஆர்.சங்கரன். தஞ்சைப் பக்கம் பிறந்து, ஆந்திரப் பிரதேசத்தில் பணியாற்றிய ஐஏஎஸ் அதிகாரி. கொத்தடிமை ஒழிப்புக்காக அறியப்பட்டவர், பத்மபூஷண் வேண்டாம் என்று சொன்னவர். இவர்கள் உருவாக்கியதுதான் சஃபாயி கர்மசாரி அந்தோலன், அதாவது துப்புரவுத் தொழிலாளர் இயக்கம். ஓர் அலுவலகத்தில் ‘இல்லை’ எப்படிப் பிறக்கிறது என்று சங்கரனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. வில்சனின் படங்களும் பட்டியல்களும் நீதிமன்றத்தில் நிற்கும்படி ஆனதில் அந்த அனுபவத்துக்குப் பங்கு உண்டு என்பது என் ஊகம்.

2003இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். எல்லா மாநிலங்களும் எதிர்த்தரப்பு. எங்களிடம் அப்படி எதுவும் இல்லை என்று மாநிலங்கள் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யச் செய்ய, மனுதாரர்கள் படமும் விவரமுமாக அடுக்கினார்கள். தீர்ப்பு வர 2014 மார்ச் 27 ஆகிவிட்டது. நம்மூர் சதாசிவம் தலைமை நீதிபதியாக இருந்த அமர்வு. 1993இலிருந்து பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறந்தவர்களைக் கண்டறிந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது.

கண்டறிந்து என்ற இடத்தில்தான் சிக்கல். ஹைட்ரஜன் சல்பைடு வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் உள்ளே மயங்குவார், அவரைத் தூக்க இறங்கும் அடுத்த ஆளும் மயங்குவார். இரண்டு மூன்று பேராகச் சாவது இப்படித்தான். காவல் நிலையத்திலோ ‘தவறி விழுந்து’ என்று எழுதிவிட முடியும். வேலைக்குச் சொன்னது வாய்மொழியாக. சம்பளப் பதிவேட்டில் பெயர் இருக்காது.

எங்கள் பகுதியில் அப்படிக் கணவனை இழந்த ஒரு அம்மா அலுவலகத்துக்கு வந்தார். பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகல், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாம் வைத்திருந்தார். கணவர் அந்த ஒப்பந்ததாரரிடம்தான் வேலை பார்த்தார் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கழிவுநீர் லாரியின் பக்கவாட்டில் சாய்ந்தபடி கணவர் நிற்கிறார், இடுப்பில் கயிறு, பின்னால் வண்டி எண் தெளிவாகத் தெரிகிறது. “பொண்ணுக்கு அனுப்புறதுக்காக எடுத்துக்கிட்டது சார்” என்றார். ஒப்பந்ததாரர் அதற்குமேல் மறுக்க முடியவில்லை. பணம் கைக்கு வர நாளானது, அது வேறு கதை.

2015 டிசம்பரில் வில்சனும் தோழர்களும் பீம் யாத்திரை கிளம்பினார்கள். அம்பேத்கரின் 125ஆம் ஆண்டை ஒட்டி 125 நாள், சாக்கடையில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு. எங்களைக் கொல்லாதீர்கள் என்பதுதான் முழக்கம். ஆனாலும் 2021இல் நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன பதில், கையால் மலம் அள்ளியதால் ஒருவரும் இறக்கவில்லை என்பது. சாக்கடையில் இறங்கிச் செத்தால் சட்டப்படி அது ‘அபாயகரமான துப்புரவு’, வேறு கணக்கு. மேஸ்திரியிடம் நான் கேட்ட அதே பதில், கொஞ்சம் நல்ல தாளில்.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. எங்கள் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலும் எந்தச் சூழ்நிலையிலும் ஆளை இறக்கக் கூடாது, இயந்திரம்தான் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. நல்ல நிபந்தனை. ஆனால் எங்கள் ஊரில் இரண்டு சக்கர வண்டியே திரும்ப முடியாத சந்துகள் நிறைய. அங்கே நுழையக்கூடிய சின்ன இயந்திரத்துக்கு மதிப்பீட்டில் தனியாக ஒரு தொகை போடச் சொல்லி எழுதியிருக்கிறேன். அப்படிப்பட்ட சந்துகள் எத்தனை என்று கேட்டுப் படிவம் வந்திருக்கிறது.