கொல்லைக் காவலும் காது மெஷினும்

தளி, ஜவளகிரி, அஞ்செட்டி பக்கம் ராகி கதிர் முற்றுகிற காலத்தில் யானைக்குக் காவலாக இராத்திரி பரண் மேல் உட்காருவது பெரும்பாலும் பெரியவர்கள்தான். இளசுகள் ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டுக்குப் போய்விடுகிறார்கள். பாலக்கோடு, பென்னாகரம் பக்கமும் இதே கதை. யானைக்குப் பதில் பல ஊர்களில் பன்னி. காவலுக்கு வேண்டியது முதலில் காது. அந்தக் காது மங்கி மெஷின் மாட்டியவர் கொல்லைக்கு, அதாவது பயிர் நிற்கும் நிலத்துக்கு, காவல் போனால் என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதுதான் இங்கே.

முதலில் ஒரு விஷயம். வேட்டை சட்டப்படி நடக்கிற நாடுகளில், காது மெஷின் போட்ட வேட்டைக்காரர்களுக்கென்றே நிறைய குறிப்புகள் உண்டு. நம் நாட்டில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். காட்டுப்பன்னியைச் சுடுவதும் வனத்துறைக்காரர் வேலை. அதுவும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டிய இடத்தில் மட்டும். பன்னிக்கு அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கும் நாட்டுவெடி) வைப்பது ஜெயிலில் கொண்டுபோய் விடும். ஆனாலும் அந்த வேட்டைக் குறிப்புகளில் இருக்கிற காது விஷயம் காவல்காரருக்கும் பொருந்தும். இருட்டில் அசையாமல் உட்கார்ந்து சருகுச் சத்தத்துக்குக் காத்திருப்பது இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

காது சோதிக்கிற ஆடியோலஜிஸ்ட் மெஷினைச் செட் பண்ணித் தருவது வீட்டுப் பேச்சுக்கு. எதிரே இருப்பவர் பேசுவது தெளிவாக வேண்டும், ஃபேன் இரைச்சல் வேண்டாம், பின்னால் ஓடுகிற டிவி வேண்டாம். அதனால் மைக் முன்பக்கமே குவிகிறது. ஒரே மாதிரி தொடர்ந்து வருகிற சத்தத்தை மெஷின் அமுக்குகிறது. மிக மெல்லிய சத்தத்தை, மெஷினின் சொந்த இரைச்சல் கேட்காமலிருக்க, அப்படியே விழுங்கிவிடுகிறது. இந்தக் கடைசி வேலைக்கு எக்ஸ்பான்ஷன் என்று பெயர். சருகு மிதிபடுவது, ராகித் தட்டை உரசுவது, வேலி முள்ளில் ஏதோ இழுபடுவது எல்லாம் அந்த மெல்லிய வகைதான். வீட்டில் அருமையாக வேலை செய்கிற மெஷின் கொல்லையில் ஒன்றுமே கேட்கவில்லை என்றால் அது ரிப்பேர் இல்லை. சொன்ன வேலையைச் செய்கிறது.

ஆகவே டிஜிட்டல் மெஷின் வைத்திருப்பவர்கள் இரண்டாவது புரோகிராம் ஒன்று கேட்டு வாங்குங்கள். "வெளியில போறதுக்கு ஒண்ணு போடுங்க" என்று மட்டும் சொன்னால் சந்தைக்கூட்டத்துக்கான செட்டிங்கைப் போட்டு விடுவார்கள், அது இன்னும் மோசம். விவரமாகச் சொல்லுங்கள்: மைக் எல்லாப் பக்கமும் சமமாக எடுக்க வேண்டும், இரைச்சலை அமுக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆஃப் அல்லது மிகக் குறைவு, எக்ஸ்பான்ஷன் குறைவு, காற்று இரைச்சலை அடக்குவது மட்டும் ஆனில் இருக்கட்டும். மெஷின் தானாகப் புரோகிராம் மாற்றும் வசதி இருந்தால் இந்தப் புரோகிராமில் அது குறுக்கே வரக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பட்டனை ஒரு தடவை அழுத்தினால் இரண்டு பீப் என்று அடையாளம் வைத்துக்கொண்டால் இருட்டில் குழப்பம் இல்லை.

இந்தப் புரோகிராமில் முதல் சில இராத்திரி கஷ்டம்தான். சில்வண்டு காதைப் பிளக்கும். சில மெஷின்கள் சில்வண்டின் ஒரே சுருதியைத் தன் விசில் என்று தப்பாக எடுத்துக்கொண்டு அதை அடக்கப் போய், நடுங்குகிற மாதிரி ஒரு கூடுதல் சத்தத்தைக் கிளப்பும். அப்படி இருந்தால் ஃபீட்பேக்கை, அதாவது அந்த விசிலை, அடக்குவதைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லலாம். அதற்கு மோல்டு (காதுக்குள் செருகும் அச்சு) காதில் இறுக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டும். தொளதொள மோல்டோடு இதைத் தளர்த்தினால் இராத்திரி முழுக்க கீச்சுதான்.

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் வாங்கியவர்களில் சிலரிடம் புரோகிராம் இல்லாத, எம், டி, ஓ என்று மூன்று நிலை சுவிட்ச் உள்ளது இருக்கும். எம் என்றால் மைக், ஓ என்றால் ஆஃப். டி என்பது காந்த அலையை எடுக்கும் சுருள். காது மெஷின்காரர்களுக்காகக் கம்பி வளையம் (லூப்) போட்ட அரங்கத்துக்கும் சில போன்களுக்கும் ஆனது. கம்பளியைப் போர்த்தும்போது கை பட்டு சுவிட்ச் டி-க்குப் போய்விட்டால் மைக் செத்துவிடும். காடு திடீரென்று அமைதியாகிவிட்டால் முதலில் தடவிப் பார்க்க வேண்டியது அந்தச் சுவிட்சைத்தான். டி-யில் டிரான்ஸ்பார்மர் அருகே உர்ரென்று கேட்கும், சோலார் வேலிப் பெட்டி அருகே டக் டக் என்று கேட்கலாம்.

இதை வைத்துப் பக்கத்துக் கொல்லைக் கம்பியில் கரன்ட் ஓடுகிறதா என்று சோதிக்க மட்டும் யாரும் போக வேண்டாம். டி சுருள் பிடிப்பது ஓடுகிற மின்சாரத்தை. திருட்டு மின்வேலியில் ஏதாவது தொடும் வரை மின்சாரம் ஓடாது. கம்பி சத்தமே காட்டாது, உயிர் மட்டும் இருக்கும். மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச்சில் மூன்று யானைகளைக் கொன்றது அப்படிப்பட்ட வேலிதான்.

காற்று அடுத்த தலைவலி. காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினில் மைக் ஓட்டை காது மடலின் உச்சியில் திறந்து கிடக்கிறது. காற்று அதன் மேல் சுழிக்கும்போது வருவது தடதட என்ற கனமான இரைச்சல். வால்யூமைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும், சருகு கேட்காது. காதுக்குள் போடும் சின்ன மெஷினுக்கு மடலே மறைப்பு என்பதால் தொந்தரவு குறைவு. மற்றவர்கள் செய்யக்கூடியது: பரணில் காற்று வரும் பக்கம் தட்டியோ சாக்கோ கட்டுவது, தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இரைச்சல் அடங்கும் கோணத்தைப் பிடிப்பது, பழைய மெல்லிய பருத்தித் துண்டை ஒரே மடிப்பாக, தளர்வாகச் சுற்றுவது. குரங்குக் குல்லா வேண்டாம். கெட்டிக் கம்பளி சருகுச் சத்தத்தைத் தின்றுவிடும். மைக்கின் மேல் அழுந்தினால் விசிலும் அடிக்கும். நைலான் ஜெர்க்கினும் வேண்டாம். கழுத்துப் பட்டி ஒவ்வொரு அசைவுக்கும் மைக்கில் உரசி, பன்னி வந்தது போலவே கேட்கும்.

திசை விஷயத்தில் மெஷினை முழுசாக நம்பக்கூடாது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சத்தம் எந்தப் பக்கம் என்று மூளை கண்டுபிடிப்பது இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தையும் சத்த வித்தியாசத்தையும் வைத்து. ஒரு காதில் மட்டும் மெஷின் போட்டவருக்கு எல்லாச் சத்தமும் அந்தப் பக்கமே வருவது போலத் தோன்றும். இரண்டு போட்டாலும் முன்னா பின்னா என்ற குழப்பம் போகாது, ஏனென்றால் அதைச் சொல்வது காது மடலின் வளைவுகள். மைக்கோ மடலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. சத்தம் கேட்டதும் தலையை இடமும் வலமும் ஒரு கால் வட்டம் திருப்பி, எப்போது எந்தக் காதில் கூடுகிறது என்று பாருங்கள். சத்தம் நீடித்தால் இது உதவும். ஒரே ஒரு முறை ஒடிந்த கிளைக்கு உதவாது. அப்போது எந்தப் பக்கமும் இறங்காமல் பரணிலேயே இருப்பதுதான் சரி.

யானை வேறு கணக்கு. அதன் அடிப்பாதம் மெத்தென்று கொழுப்பு வைத்தது. நல்ல காதுள்ளவருக்கே நடை கேட்காது. கூட்டத்துக்குள் ஒன்றையொன்று கூப்பிடும் உறுமலின் அடிச்சுருதி 15 முதல் 35 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. மனிதக் காது தொடங்குவதே 20-இல். மெஷின் பெருக்கிக் கொடுப்பது ஏறக்குறைய 100, 200-க்கு மேல்தான். ஆக மெஷின் காட்டிக்கொடுப்பது கிளை ஒடிவது, ராகியைப் பிடுங்கி மண்ணை உதறும் சத்தம், காது விசிறுவது இவற்றைத்தான். அது கேட்கும்போது யானை கொல்லைக்குள் வந்தாயிற்று. கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து கூட்டம் இறங்கும் மாதங்களில் காது மங்கியவர் தனியாகக் காவலுக்குப் போகக்கூடாது. மெஷின் போட்டிருந்தாலும் கூடாது.

துணைக்கு வருபவர் பின்னாலிருந்து "மாமா" என்று கிசுகிசுத்தால் பாதி நேரம் புரியாது. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கயிறு: ஒரு இழுப்பு என்றால் கவனி, இரண்டு என்றால் டார்ச் அடிக்காதே, விடாமல் இழுத்தால் கிளம்பு. போனை வைப்ரேட்டில் போட்டுச் சட்டைப் பையில் வையுங்கள், இடுப்பு வேட்டியில் வேண்டாம், கம்பளிக்குள் தெரியாது.

யானையை விரட்ட வெடி போடுகிறவர் மெஷின் போட்டவராக இருக்கக்கூடாது. பட்டாசுக்குச் சட்டம் வைத்த வரம்பே வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல். மெஷினுக்குள் உச்ச வரம்பு இருப்பதால் வெடியை அது பெருக்கித் தள்ளாது என்பது உண்மை. ஆனால் மோல்டின் காற்றுத் துளை வழியாகவும், சின்ன ரப்பர் குடை போட்ட மெஷினில் ஓரங்கள் வழியாகவும், வெடிச்சத்தம் நேராக உள்ளே போகிறது. மெஷினை ஆஃப் செய்தால் அது காதடைப்பான் ஆகிவிடாது. வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் இதற்காக மெல்லிய சத்தத்தைக் கூட்டி 85 டெசிபலுக்கு மேல் அமுக்கிவிடும் எலக்ட்ரானிக் காதுமூடி போடுகிறார்கள். நமக்கு இருபது அடி தள்ளி நின்று உள்ளங்கையால் காதை அழுத்தி மூடுவது கைக்கெட்டியது. மூடும்போது விசில் அடிக்கும், அடிக்கட்டும். வெடி முடிந்து சில நொடி எல்லாம் அமுங்கிக் கேட்பது மெஷின் தன் அளவைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும் நேரம். அந்த நேரத்தில் யானை போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

பனி இன்னொரு எதிரி. மார்கழியில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் நடுராத்திரிக் குளிரில், காதுக்குள்ளிருக்கும் சூடான ஈரக்காற்று மோல்டு டியூபில் ஏறிக் குளிர்ந்து துளியாக நிற்கும். ஒரு துளி போதும், சத்தம் விட்டு விட்டு வரும், பிறகு அடைத்துவிடும். பேட்டரி போச்சு என்று புதுசு மாற்றுவார்கள், பலன் இருக்காது. டியூபை மெஷினின் கொக்கியிலிருந்து கழற்றி, ரப்பர் ஊதியால் மோல்டு பக்கம் பார்த்து இரண்டு அமுக்கு அமுக்கினால் துளி வெளியே வந்துவிடும். வாயால் ஊதினால் இன்னும் ஈரம்தான் சேரும். டியூப் மஞ்சளாகி விறைத்திருந்தால் சுருங்கி மோல்டைக் காதிலிருந்து இழுக்கும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் அது, விலையும் பெரிதில்லை.

பேட்டரியில் சைஸ் 13-க்கு ஆரஞ்சு ஸ்டிக்கர், 312-க்குப் பழுப்பு, 675-க்கு நீலம். எல்லாம் துத்தநாகக் காற்று செல். வெளிக்காற்றை உறிஞ்சித்தான் ஓடும். மழைக்குப் பயந்து மெஷினைப் பிளாஸ்டிக் கவரால் சுற்றிக் காதில் மாட்டினால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். ஸ்டிக்கரை உரித்ததும் மூன்று நான்கு நிமிடம் வெறுமனே வைத்துவிட்டுப் போடுங்கள். உரித்ததை மறுபடி ஒட்டினால் மிச்சமாகாது. குளிரில் வோல்ட் இறங்கும் என்பதால் மாற்று செல்லை உள்சட்டைப் பையில் அட்டையோடு வையுங்கள். சில்லறைக் காசோடு போட்டால் ஷார்ட் ஆகும். சார்ஜ் மெஷின்காரர்கள் பழக்கத்தையே திருப்ப வேண்டும், பகலில் தூங்கும்போது சார்ஜ். தகரக் கூரைக்கு அடியில், வெயில் படும் ஜன்னலில் வேண்டாம். சூட்டில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கெடும்.

தொலைவது பெரும்பாலும் தலையில் கட்டும் டார்ச்சைக் கழற்றும்போதுதான். எலாஸ்டிக் பட்டை மெஷினைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகும், ராகித் தட்டைக்குள் விழுந்தால் விடியும் வரை தெரியாது. பட்டை காதுக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் ஓட வேண்டும். சட்டைக் காலரில் குத்தும் கயிறு வைத்த கிளிப் கடைகளில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் மெல்லிய தூண்டில் நரம்பைக் கொக்கியில் முடிந்து சட்டைப் பித்தானில் கட்டலாம். விழுந்தே விட்டால் மிதிக்காமல் நின்று, காது நன்றாகக் கேட்கும் ஒருவரைக் கூப்பிடுங்கள். ஆனில் இருக்கும் மெஷின் தட்டைக்கோ மண்ணுக்கோ பக்கத்தில் கிடந்தால் கீச்சென்று கத்திக்கொண்டிருக்கும். சின்னப் பிள்ளைகள் காதுக்கு அது சட்டென்று பிடிபடும்.

காவலுக்கு முந்தி ஒரு சாயங்காலம் இதைச் செய்துபாருங்கள். பரணில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கூட வந்தவர் பத்து, இருபது, முப்பது தப்படியில் காய்ந்த சருகை மிதிக்கட்டும், முன்னால், பின்னால், இரண்டு பக்கமும். எத்தனை தப்படி வரை கேட்டது, எங்கே திசை தப்பியது என்று குறித்துக்கொண்டு அதை ஆடியோலஜிஸ்டிடம் சொன்னால், "சரியா கேக்கலங்க" என்பதைவிட அவருக்கு எவ்வளவோ உதவும். முப்பதில் கேட்கவில்லை என்றால் உடனே வால்யூமைக் கூட்டச் சொல்ல வேண்டாம். முதலில் மோல்டில் குரும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

காலையில் வந்ததும் வியர்வையையும் பனியையும் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, செல்லைக் கழற்றி, பேட்டரி மூடியைத் திறந்தபடி சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். தண்ணீர் புகாது என்பதற்கு ஐபி 68 என்று அட்டையில் போட்டிருப்பது நல்ல தண்ணீருக்கு; வியர்வை உப்புக்கு அந்த வாக்குறுதி கிடையாது. ஜெல் நிறம் மாறினால் அது ஈரம் உறிஞ்சும் வேலை முடிந்தது என்று அர்த்தம். அரிசிப் பானையில் புதைப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் மாவு மைக் ஓட்டையில் ஏறினால் அடுத்த இராத்திரி பனியில் களியாகிவிடும்.