சட்டி மூடி போதும் எனக்கு

செல்டா என்கிற வீடியோ கேம் ஆடுகிறவர்களிடம் அதன் நாயகன் லிங்க் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வாளைத்தான் சொல்வார்கள். மாஸ்டர் ஸ்வார்ட், அதைக் கல்லிலிருந்து உருவும் காட்சி, பின்னணி இசை, சிலிர்ப்பு. என்னைக் கேட்டால் லிங்க்கின் கதையே அவன் கேடயத்தில்தான் இருக்கிறது. அதுவும், அந்தக் கேடயம் எத்தனை விதமாக அவன் கையைவிட்டுப் போகிறது என்பதில்.

1986-இல் வந்த முதல் ஆட்டத்தில் பெரிய கேடயம் வேண்டுமென்றால் ரூபீ என்கிற ஆட்டக் காசு சேர்த்து வாங்க வேண்டும். ஒரு கடையில் 90, இன்னொரு கடையில் 160. (பேரம் கிடையாது.) அத்தனை பாடுபட்டு வாங்கிப் போனால், லைக் லைக் என்று ஒரு கொழகொழ ஜந்து லிங்க்கை விழுங்கிக் கேடயத்தை மட்டும் தின்றுவிடும். 1998-இன் ஆக்கரினா ஆஃப் டைமில் மரக் கேடயத்தில் நெருப்புப் பட்டால் எரிந்தே போகும். ஹைலியன் கேடயம் எரியாது, ஆனால் சிறுவன் லிங்க்கால் அதைக் கையில் பிடிக்க முடியாது. முதுகில் போட்டுக்கொண்டு அதன் அடியில் குனிந்துகொள்வான். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

2017-இல் வந்த பிரெத் ஆஃப் த வைல்டில் ஹைலியன் கேடயம் கோட்டைச் சிறைக்குள் இருக்கிறது. ஸ்டால்நாக்ஸ் என்கிற எலும்புக்கூடு ராட்சசனை வீழ்த்தினால் பெட்டி வரும். தடுப்பு வலிமை 90, உழைப்பு (எவ்வளவு அடி தாங்கும் என்கிற கணக்கு) 800. ஏதோ கர்ணனின் கவச குண்டலம் கிடைத்துவிட்ட மாதிரி எல்லோரும் கொண்டாடுவார்கள். அதுவும் உடையும் சார். உடைந்தால் ஆட்டத்தில் வரும் டாரி டவுன் என்கிற ஊரில் 3,000 ரூபீ கொடுத்துத் திரும்ப வாங்கலாம், அவ்வளவுதான்.

அதே ஆட்டத்தில் சட்டி மூடியும் ஒரு கேடயம். மரமூடி. தடுப்பு வலிமை 1. நான் அதைத்தான் எடுத்துக்கொண்டு கார்டியன்களைத் தேடிப் போவேன்.

கார்டியன் என்பது பல கால்களோடு ஓடிவரும் இயந்திரம். சிவப்புக் கோடு ஒன்றை நம் மார்பில் நிறுத்திவிட்டு பீப் பீப் என்று கத்தும். சத்தம் நெருங்கி நெருங்கி வரும், கண் பளிச்சென்று மின்னும், கதிர் பாயும். அந்த மின்னலில் கேடயத்தை முன்னால் தட்டினால் கதிர் வந்த வழியே திரும்பிப்போய் அதன் கண்ணிலேயே விழும். தள்ளி நின்றால் ஒரு நொடிக்கும் குறைவாகத் தாமதித்துத் தட்ட வேண்டும். பழக்கம் விரலில்தான் வரும், யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. மூன்று முறை திருப்பி அனுப்பினால் ஓடுகிற கார்டியனே காலி. அதற்கு 800 உழைப்பும் வேண்டாம், 90 வலிமையும் வேண்டாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலடித்து வேளச்சேரியில் கரண்ட் போயிருந்த நேரம். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்விட்ச் என்கிற கையடக்க கேம் கருவியில் கொஞ்சம் சார்ஜ் மிச்சமிருந்தது. கீழே தெரு முழுக்கத் தண்ணீர், வேறு வேலையும் இல்லை. இருட்டில் வெளிச்சம் வந்த ஒரே இடம் என் மடி என்பதால் அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னடா இவன், குழம்புச் சட்டி மூடியை வச்சுக்கிட்டு நிக்கிறான்?"

"பாரும்மா."

கதிர் வந்தது, திரும்பிப் போனது. மறுபடியும். மூன்றாவதில் கார்டியன் வெடித்துச் சிதறி, திருகாணியும் பல்சக்கரமும் புல்லில் உருண்டன.

"அது சரி, மூடி நசுங்கலையா?"

இத்தனை வருடத்தில் என் நண்பர்கள் ஒருவரும் கேட்காத கேள்வி. நசுங்காது. சரியான நேரத்தில் தட்டினால் கேடயத்துக்குத் தேய்மானமே கிடையாது. நேரம் தப்பினால் மூடியும் போகும், பெரும்பாலும் லிங்க்கும் போவான்.

அக்கா பையனுக்கு இந்த விளக்கமெல்லாம் வேண்டியதில்லை. என் சேமிப்பில் பத்திரமாக இருந்த ஹைலியன் கேடயத்தை எடுத்து, பனிமலை உச்சியில் காலடியில் போட்டு ஏறி நின்று, "மாமா, சறுக்குது பாரு!" என்று பாறைமேல் எல்லாம் இழுத்துக்கொண்டு போகிறான். பாறைமேல் சறுக்கினால் அது தேயும் என்றேன். "அப்ப உன் மூடியைத் தா" என்கிறான்.