ப்ராஜெக்ட் வைவாவில் என்னைக் காப்பாற்றிய மூன்று தட்டு

ரிசல்ட் வந்துவிட்டது. பயோமெடிக்கல் எம்.இ. முடிந்தது என்று இன்னும் நம்ப முடியவில்லை. அடுத்து வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்குப் போகிறவர்களுக்காகச் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

குழித்தறியில் ஜமக்காளம் நெய்யும்போதே மூளை அலையையும் முன்கைத் தசையையும் சேர்த்துப் பதிவதுதான் என் தலைப்பு. நெய்தவர் பவானியில் இருக்கும் எங்கள் பெரியப்பா. "ஏங் கண்ணு, இத்தன ஒயரையும் மாட்டிக்கிட்டா தறி ஓட்டோணும்?" என்று கேட்டாலும் சலிக்காமல் உட்கார்ந்தார். முதல் நாளே தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எண்ணெய்த் தலையில் இம்பீடன்ஸ் (தோலுக்கும் மின்முனைக்கும் இடையிலான மின்தடை) லேசில் இறங்காது.

மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இஇஜிக்கு (மூளை அலைப் பதிவு) ஒரு கருவி, இஎம்ஜிக்கு (தசை மின்பதிவு) ஒரு கருவி என்றால் இரண்டின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது. 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வித்தியாசம் இருந்தாலே அரை மணி நேரத்தில் 90 மில்லி விநாடி விலகிவிடும். 20 ஹெர்ட்ஸ் பீட்டா என்னும் மூளை அலையின் ஒரு சுற்றே 50 மில்லி விநாடிதான். அப்புறம் மூளைக்கும் தசைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி என்ன பேசுவது? இரண்டு கருவியிலும் ஆக்சிலரோமீட்டர் (அசைவை அளக்கும் சென்சார்) இருந்தால், சேர்த்துப் பிடித்து மூன்று தட்டு தட்டுங்கள். ஒரே தட்டு இரண்டு பதிவிலும் விழுவதால் நேரத்தைப் பொருத்திவிடலாம். பதிவு முடிந்ததும் கழற்றி மறுபடி மூன்று தட்டு. ஆரம்பத்தில் மட்டும் தட்டினால் நடுவில் விலகியது தெரியாது.

எக்ஸ்டர்னல் (வெளித் தேர்வாளர்) கேட்ட முதல் கேள்வியே, "இரண்டும் ஒரே நேரம் என்பதற்கு என்ன ஆதாரம்?" நான் பேசுவதற்குத் தயங்குகிறவள். வாயைத் திறக்காமல் அந்தத் தட்டுகளின் படத்தை எடுத்து நீட்டினேன். அதன்பின் அவர் குரலே மாறிவிட்டது. என்னைப் போன்றவர்கள் படங்களைத் தனியாக அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை:

- கண்ணை மூடச் சொல்லி ஒரு நிமிடம் பதியுங்கள். பின்தலையில் 8–13 ஹெர்ட்ஸ் ஆல்பா (கண் மூடினால் எழும் மூளை அலை) எழவில்லை என்றால் தறிப் பக்கமே போகாதீர்கள்.
- இஎம்ஜியில் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை ஏன் வெட்டினாய் என்பார்கள். ஒயரும் தோலும் அசைவதால் வரும் இரைச்சல் பெரும்பாலும் அங்கேதான்.
- ஐசிஏ (கலந்த சிக்னலைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்கும் கணக்கு முறை) எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும் என்று சொல்லவே சொல்லாதீர்கள். குறுக்கு நூலான ஊடையை அடித்து இறுக்கும் ஒவ்வொரு தடவையும் தலையும் சேர்ந்து அசைகிறது, கழுத்துத் தசையும் இறுகுகிறது. அந்த இரைச்சல் ஒவ்வொரு அடியுடனும் சேர்ந்தே வருவதால் நூறு அடியைச் சராசரி எடுத்தாலும் போகாது. தறியில் சும்மா உட்கார்ந்து தலையை மட்டும் அதே தாளத்தில் அசைக்கும் பதிவு ஒன்று ஒப்பிடக் கையில் இருக்கட்டும்.
- ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். பெரியப்பா வரிக்கு வரி படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.