முதலில் வண்டி, பிறகுதான் சாப்பாடு

போர் என்றதும் எல்லோரும் எல்லையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். 1965 செப்டம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டபோது நான் எல்லைக்கு வெகு தொலைவில், அகமத்நகரில் உள்ள கவசப்படைப் பயிற்சி மையத்தில் இருந்தேன். பத்தொன்பது வயது. பதவி ஸவார், அதாவது சாதாரணச் சிப்பாய். குதிரைகள் போய் டாங்கிகள் வந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தாலும் ஸவார், தஃபேதார், ரிசால்தார் என்று குதிரைப்படைப் பதவிகள் அப்படியே இருந்தன. அந்த முகாமில் எங்கள் பொழுது எப்படிப் போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. எனக்கோ அந்தப் போர் என்றால் அந்த முகாம்தான்.

எங்கள் ஊர் மேலூருக்குக் கிழக்கே. பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் கடலை. 1965 ஜனவரி 25 அன்று மதுரை வடக்கு மாசி வீதியில் இந்தி எதிர்ப்புக் கலவரம் வெடித்த நாளில் என் பெரியப்பா மகன் அந்த மாணவர் ஊர்வலத்தில் இருந்தான். சில மாதங்கள் கழித்து நான் பட்டாளத்துக்கு ரயில் ஏறினேன். எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்குப் போய், பம்பாய் வண்டி பிடித்து, தௌண்டில் மாறி, அகமத்நகர்.

அங்கே வகுப்பில் இந்தியை ஆங்கில எழுத்தில் கற்பித்தார்கள். கட்டளை எல்லாம் அந்த மொழியில்தான். மனம் ஒப்பாமல் அந்தப் பெரியப்பா மகன் அண்ணனுக்கு ஓர் இன்லாண்ட் லெட்டர் எழுதினேன். "உன் தொழிலுக்கு வேண்டியதை நீ கற்றுக்கொள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மேல் திணிக்காதே என்பதுதான் எங்கள் சண்டை. இரண்டையும் போட்டுக் குழப்பாதே" என்று பதில் எழுதினான். அதற்குப் பிறகு எனக்கு அதில் சங்கடம் இருந்ததில்லை. அவன் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

விடியுமுன் விசில். எனாமல் மக்கில் சாய். பிறகு உடற்பயிற்சி, சவரம், பூட்ஸ் பாலிஷ், கவாத்து. மதியம் வரை வகுப்பு. இவையெல்லாம் எல்லாப் பட்டாளத்திலும் உள்ளவைதான். டாங்கிரி என்ற கருப்பு வேலை உடுப்பை மாட்டிக்கொண்டு டாங்கிக் கொட்டகைக்குப் போன பிறகுதான் எங்கள் தொழில் தொடங்கும்.

அங்கே எங்களுக்குப் பொறுப்பாக இருந்த ரிசால்தார் சாகிப் குதிரை ஏறிய தலைமுறையைச் சேர்ந்தவர். இந்தியக் குதிரைப்படைகள் 1938இல் இயந்திரமயமாகத் தொடங்கின. அந்த மாற்றத்துக்குச் சற்று முன்னால் சேர்ந்தவர் அவர். லாயத்தில் கற்றதை டாங்கிக்கும் விடாமல் கடைப்பிடித்தார். முதலில் குதிரை, அடுத்து சேணம், கடைசியில் ஆள். வெயிலில் வண்டி ஓட்டித் திரும்பியதும் தண்ணீர்ப் பானைப் பக்கம் யாராவது நகர்ந்தால், "வண்டி குடித்துவிட்டதா?" என்று கேட்பார். பெட்ரோல், எண்ணெய், கிரீஸ் மூன்றையும் பார்த்து முடித்த பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர், எங்களுக்குச் சாப்பாடு.

வண்டி நின்றவுடன் அவர் முதலில் செய்வது ஒன்று உண்டு. குனிந்து ஒவ்வொரு சக்கரத்தின் நடுக்குடத்திலும் உள்ளங்கையை வைப்பார். ஒரே சீராகச் சூடு இருந்தால் நகர்ந்துவிடுவார். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் அதன் பேரிங் போகப்போகிறது என்று பொருள். அன்றிரவு அதைக் கழற்றியாக வேண்டும். ஓடி வந்த குதிரையின் கணுக்காலைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அது. அடுத்து சங்கிலிப் பட்டை. அதன் இணைப்புகளைச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். இறுகியிருந்தால் கணீரென்று கேட்கும். தளர்ந்திருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். எங்கள் யாருக்கும் முதலில் அந்த வேறுபாடு பிடிபடவில்லை. காதைத் தீட்டத் தீட்டத்தான் வந்தது.

பயிற்சிக்குக் கிடைத்தவை பழைய ஷெர்மன் டாங்கிகள். சிலவற்றில் விமானத்துக்காக உருவான ரேடியல் எஞ்சின், ஒன்பது சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும். வண்டி சும்மா நின்றால் எண்ணெய் இறங்கி அடிப்பக்கத்துச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட்டரை அழுத்தினால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே பின்னால் நீளக் கைப்பிடியைச் செருகி, ஆள் மாற்றி ஆள் எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும். அதிகாலைக் குளிரில் அதைச் சுற்றிச் சுற்றியே எங்கள் தோள் இறுகியது.

செப்டம்பர் 6 அன்று நம் படை லாகூர் முனையில் எல்லையைத் தாண்டியது. அன்றிலிருந்து முகாமின் நடையே மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு போயிற்று. இரவில் விளக்கு இல்லை. தங்குமிடத்தைச் சுற்றிப் பதுங்குகுழி வெட்டினோம். பயிற்சி தரும் உஸ்தாத்களில் சிலர் தங்கள் படைப்பிரிவுக்குத் திரும்ப, மிஞ்சியவர்கள் ஆளுக்கு இரண்டு பேரின் வேலையைப் பார்த்தார்கள். மாலையில் ரேடியோவைச் சுற்றித் தென்னாட்டுப் பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்போம். ஆற்காடு நவாபின் குதிரைப்படையாகத் தோன்றிய 16வது லைட் கேவல்ரியில் தமிழரும் மலையாளிகளும் தெலுங்கரும் நிறைந்திருந்தார்கள். அது அப்போது சியால்கோட் முனையில் இருந்தது. எங்களுக்கு முந்தைய அணியில் பயிற்சி முடித்துப் போனவர்கள் அதில் இருந்தார்கள். எங்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து ரொட்டி தின்றவர்கள். பூனா ஹார்ஸ் என்ற இன்னொரு டாங்கிப் படைப்பிரிவின் தலைவர் கர்னல் தாராபூர் 16ஆம் தேதி வீழ்ந்தார். அந்தச் செய்தி வந்த மறுநாள் காலை ரிசால்தார் சாகிப் ஒன்றும் பேசவில்லை. சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தபடி வரிசை முழுக்க நடந்தார்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லங்கர் என்ற பட்டாளச் சமையற்கூடத்தில் வயிறார ரொட்டியும் பருப்பும் போடுவார்கள். சோறு குறைவு, புளிப்பு என்பதே கிடையாது. அம்மா அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயைத் தஞ்சாவூர்ப் பையன் ஒருவனோடு துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொள்வேன். அந்தச் சமயத்தில்தான் பிரதமர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுவிடும்படி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். வீட்டில் திங்கள் இரவு அடுப்பு மூட்டுவதில்லை என்று தங்கை எழுதியிருந்தாள். நெல் விளைவிக்கிற வீடு. அந்தக் கடிதத்தைப் படித்தபின் என் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சியதில்லை, இன்று வரை.

அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. மகன் குதிரைப்படையில் இருக்கிறான் என்று ஊரார் சொன்னதைக் கேட்டு, நான் உயிரோடு திரும்பினால் அய்யனாருக்கு ஒரு மண்புரவி எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். டாங்கி முன்னால் நிற்கும் என் படத்தைப் பார்த்த பிறகும் அவள் நேர்த்தி மாறவில்லை. மாற வேண்டிய தேவையும் இல்லை. மறு ஆண்டு புரவி எடுப்பில் வேளார் வீட்டிலிருந்து கோயில் வரை அதைத் தூக்கிச் சென்றவர்களில் நானும் ஒருவன்.

செப்டம்பர் 23 அதிகாலை போர் நின்றது. எங்கள் பயிற்சியின் வேகம் மட்டும் குறையவில்லை. டிசம்பர் கடைசியில் ஆவடியில் விஜயந்தா டாங்கி உருவாகி வெளிவந்த செய்தி வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் டாங்கி செய்கிறார்கள் என்று தமிழ்ப் பையன்கள் எல்லோரும் தலைநிமிர்ந்து நடந்தோம். ஜனவரி 11 அன்று சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தார். கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. சிறிது நாளில் எங்கள் கசம் பரேடு நடந்தது. சத்தியப் பிரமாணம் எடுத்ததும் பட்டியல் படித்தார்கள். எனக்கு 16வது லைட் கேவல்ரி. அங்கே இருந்தவை சென்சூரியன் டாங்கிகள். ஷெர்மனில் கற்ற பாதி அதற்குப் பொருந்தாது. மறுபடியும் கிரீஸ் துப்பாக்கியைக் கையில் எடுத்து, சக்கரத்திலிருந்து தொடங்கினேன்.