புளியமுத்து – மே 2024

மே 6, திங்கள்

என் மனைவிக்கு இது 30 வாரம், 2 நாள் கர்ப்பம். அட்மிட் பண்ணிவிட்டார்கள். அத்தை துணைக்கு இருக்கிறார். வீட்டில் நானும் பாப்பாவும்தான். 34 வாரம் வரை தள்ளிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது என்றார் டாக்டரம்மா.

மே 7, செவ்வாய்

"அம்மா எப்பப்பா வருவா?" என்று மூன்று தடவை கேட்டாள். நாலாவது தடவை கேட்கவே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மே 8, புதன்

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பாப்பாவுக்கு எண்ணத் தெரிந்துவிட வேண்டும் என்பது அவள் அம்மாவின் ஆசை. 50 வரை கடகடவென்று ஒப்பிக்கிறாள். மதியம் குழம்புக்கு எடுத்து வைத்த வெண்டைக்காயைக் கொடுத்து எண்ணச் சொன்னேன். வாய் ஒரு வேகத்தில் போகிறது, விரல் ஒரு வேகத்தில் போகிறது. 'ஆறு' என்று சொல்லும்போது விரல் நாலாவது காயில் நிற்கிறது. 9 காய்க்கு 13 என்றாள். திரும்ப எண்ணினாள், 11. மூன்றாவது தடவை ஏசிவிட்டேன். காயைத் தரையில் வைத்துவிட்டு, கொடியில் கிடந்த அம்மாவின் சேலைக்குள் போய் முகத்தை மூடிக்கொண்டாள்.

என் மனசு ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. அதற்குப் பிள்ளை என்ன செய்வாள்?

இரவு மனைவிக்குப் போன். வயிற்றுப் பிள்ளையின் அசைவை எண்ணச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வர வேண்டும். "எத்தனை?" "பத்து. ஒன்றரை மணி நேரத்தில்." சரி.

மே 10, வெள்ளி

"பிள்ளைய ஏசாதய்யா, இத வச்சு வெளாடு" என்று மாடி வீட்டு ஆச்சி ஒரு பல்லாங்குழியைக் கொடுத்துவிட்டுப் போனார். மடக்குப் பலகை, மீன் வடிவம். ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் புளியமுத்து.

மே 11, சனி

31 வாரம்.

மே 12, ஞாயிறு

காலையிலிருந்து பல்லாங்குழிதான். சோறு வைத்தது கூடப் பிந்திவிட்டது.

14 குழி, குழிக்கு 5 முத்து. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். முதலில் இரண்டு இரண்டாக விழுந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, என் முறை வந்தபோது மெதுவாகப் போட்டுக் காட்டினேன், அவ்வளவுதான். மூன்றாவது ஆட்டத்தில் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலால் ஒரு முத்தை நகர்த்திக் குழிக்கு மேல் கொண்டுவருகிறாள். 'டொக்' என்று விழுகிறது. அப்புறம்தான் வாய் 'ரெண்டு' என்கிறது. வெண்டைக்காயில் முந்திக்கொண்டு ஓடிய வாய் இங்கே கைக்காகக் காத்திருக்கிறது. நான் ஏசி வராதது இந்தச் சத்தத்துக்கு வந்துவிட்டது.

குழியில் 4 சேர்ந்தால் பசு. குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம். சாயங்காலத்துக்குள் எண்ணாமலே, பார்த்ததும் "பசு!" என்று கத்த ஆரம்பித்துவிட்டாள். "மூணு கெடக்கு, இன்னொண்ணு விழுந்தா பசு" என்கிறாள். கூட்டல் என்று ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. கை முத்து தீர்ந்து, அடுத்தது காலிக் குழியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்ததை அள்ளுகிறாள். ஒன்றுமில்லாததையும் விரலால் தொட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு, பூஜ்யத்தைப் பலகையில் எழுதிக் காட்ட நான் ஏன் அவசரப்பட வேண்டும்?

அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறாள் என்று தெரிந்தது.

எத்தனை என்று கேட்க மறந்துவிட்டேன். மறுபடி போன் போட்டேன். பத்து.

மே 14, செவ்வாய்

"எத்தனை?"

"ஏழு."

இரண்டு மணி நேரம் முடிந்துவிட்டது. ஏதாவது குடித்துவிட்டு இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பாப்பா தூங்கிவிட்டாள். பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். இவளைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? 11 மணிக்கு அத்தை போன். பத்து வந்துவிட்டது.

மே 15, புதன்

ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். 12 மணி நேரத்துக்கு ஒன்று, மொத்தம் 4. உள்ளே இருக்கிற பிள்ளையின் நுரையீரலுக்கு. பாப்பா காலண்டரில் 4 கோடு போட்டு வைத்திருக்கிறாள். ஒன்று முடிய ஒன்றாக அடிக்கிறாள்.

மே 17, வெள்ளி

பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம். 17 வயதுப் பையன் போய்விட்டான். டிவியை அணைத்துவிட்டுப் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன்.

மே 18, சனி

32. கோடு நாலும் அடித்தாகிவிட்டது.

இட்லிக்குப் போட்டோம். அரிசி 4 உழக்கு, உளுந்து 1 உழக்கு, அளந்தது அவள். பித்தளைப் படியில் அரிசியைக் கொட்டிக்கொண்டே வந்தாள். நாலாவது உழக்கில் படி தலைதட்டியது. "அப்பா, படியும் பசுதான்!"

அப்புறம் தண்ணீர் விளையாட்டு. ஒரே அளவுத் தண்ணீரை உயர டம்ளரிலும் கிண்ணத்திலும் ஊற்றினேன். டம்ளரில்தான் நிறைய என்றாள். ரெண்டும் சமம் என்று விளக்கினேன். "சமம்" என்றாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. திரும்ப ஊற்றியதும் "டம்ளர்தான்."

அவள் அம்மாவின் பி.எட். புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பிள்ளைகளின் அறிவு வளர்வதை ஆராய்ந்த ழான் பியாஜே பிள்ளைகளிடம் இதையேதான் கேட்டிருக்கிறார். ஏழு வயதுவாக்கில்தான் இது பிடிபடுமாம். தன் மூன்று பிள்ளைகளையும் கைக்குழந்தையிலிருந்து பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து எழுதியவர். பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறாள், என் மனைவி, எப்போதோ. அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பாப்பாவுக்கு ஐந்து வயது. டம்ளரில் நிறைய இருந்துவிட்டுப் போகட்டும்.

மே 21, செவ்வாய்

இன்று ராத்திரி நான் கேட்பதற்கு முன்னால் பாப்பா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "நான் எண்ணுதேன்."

ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தோம். பக்கத்தில் காலி டம்ளர், முத்து டப்பா. விஷயம் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பக்கம் வார்டு ஃபேன் சத்தம் மட்டும். ரொம்ப நேரம் கழித்து, "ம்." இவள் ஒரு முத்தை டம்ளரில் போட்டாள். பிறகு மறுபடி ஃபேன் சத்தம். "ம்." இன்னொன்று. நடுவில் நான் வாயைத் திறந்தேன். உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். ஐந்து வயதுப் பிள்ளை 50 நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்ததில்லை. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் பெரிய இடைவெளி. அப்போதும் கையில் எடுத்த முத்தைப் போடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். உள்ளங்கை வேர்த்து முத்து பளபளத்தது.

பத்தாவது விழுந்ததும் டம்ளரைக் கவிழ்த்துத் தானே ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள். விரல் ஒன்று, முத்து ஒன்று.

"சரியா இருக்கும்மா. தூங்கு."

மே 22, புதன்

பத்து. நாற்பது நிமிஷம்.

மே 23, வியாழன்

விடியற்காலை 3.40. அத்தை போன் பண்ணினார். தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்களாம். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன். பாப்பா எழுந்துவிட்டாள். டப்பாவையும் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்கிறாள்.