பெட்டியில் வளர்ந்த ஆரஞ்சு மரம்

எட்டாவது முறையாகக் கலந்த வாசனைத் திரவியக் குப்பியை நேற்று இரவு இறுக மூடி, அலமாரியில் வெளிச்சம் படாத மூலையில் வைத்தேன். மூன்று வாரம் ஊற வேண்டும். இரண்டு வருடமாக மனதில் கிடக்கும் வாசனை இது. பிரான்ஸின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தின் வாசனை.

ஒரு ஜூன் மாதக் காலையில் அங்கே போயிருந்தேன். கூட்டமெல்லாம் நீரூற்றுகளைத் தேடிப் போய்விட்டது. நான் அரண்மனையின் தெற்குப் பக்கம், பள்ளத்தில் இருக்கும் ஒரான்ஜெரிக்குப் போனேன். 1684-இல் தொடங்கி 1686-இல் கட்டி முடித்த கல் மண்டபம் அது. குளிர் தாங்காத ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை மரங்களெல்லாம் பனிக்காலத்தில் அதற்குள் ஒதுங்கும். மே மாதம் வெளியே வந்தால் அக்டோபரில்தான் திரும்பிப் போகும். ஆயிரத்துக்கும் மேல் மரங்கள். ஒவ்வொன்றும் சதுரப் பெட்டியில், நூல் பிடித்த மாதிரி வரிசையில் நிற்கும்.

அதில் ஒரு கசப்பு ஆரஞ்சு மரத்தை இன்னும் மறக்கவில்லை. ஒரே கிளையில் போன வருடத்துக் காய் தொங்குகிறது. இரண்டு விரல் தள்ளிப் புதுப்பூ விரிந்திருக்கிறது. மெழுகில் செய்தது போலத் தடித்த வெள்ளை இதழ்கள். காற்று நின்றபோது பூவின் தேன் வாசம். அசைந்தபோது இலையின் பச்சைக் கசப்பு. பழமும் பூவும் சேர்ந்த வாசனை என்றாலே மலிவான சரக்கு என்று முகம் சுளிப்பவர்கள் இந்தத் துறையில் நிறைய. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த எண்ணம் போய்விட்டது. மனிதர் கலக்கத் தொடங்கும் முன்பே ஒரு மரம் அதைச் செய்து வைத்திருக்கிறது.

அந்த மரத்திலிருந்து எத்தனை கிடைக்கிறது பாருங்கள்! பூவை ஆவியில் வடித்தால் நெரோலி எண்ணெய். அதே பூவைக் கரைப்பானில் ஊறவைத்துப் பிரித்தால் அப்சல்யூட், அது இன்னும் கனமானது. இலையும் குச்சியும் பெட்டிகிரேன் தரும். பழத்தோலைப் பிழிந்தால் தோல் எண்ணெய். ஏறத்தாழ 1,000 கிலோ பூ வடித்தால்தான் 1 கிலோ நெரோலி. வெர்சாயின் அரசர் பதினான்காம் லூயிக்குப் பிற்காலத்தில் மற்ற வாசனைத் திரவியங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆரஞ்சுப் பூ மட்டும்தான் தாங்கியதாம்.

என் கலவையில் சிக்கல் வந்தது வேறு இடத்தில். ஆரஞ்சோடு பேரிக்காயும் பீச்சும் வேண்டும் என்று நினைத்தேன். காரணம் உண்டு. அரண்மனைக்குச் சற்றுத் தள்ளி, லூயியின் தோட்டக்காரர் லா கின்தினி அமைத்த அரசரின் காய்கனித் தோட்டம் இருக்கிறது. நாற்றமடித்த குட்டை என்று பேர் வாங்கிய சதுப்பைத் தூர்த்து 1683-இல் முடித்தார்கள். அங்கே பேரி மரங்களின் கிளைகளைச் சுவரோடு சேர்த்துக் கட்டி, விசிறி போலப் பரப்பி வளர்ப்பார்கள். பழமும் அங்கே கோட்டுக்குள்தான் நின்றது.

பேரிக்காயிலும் பீச்சிலும் இருந்து இப்படி எண்ணெய் வடிக்க முடியாது. வேதிப்பொருளைத்தான் நம்ப வேண்டும். பேரிக்கு ஹெக்சைல் அசிட்டேட். பீச்சுக்கு காமா அன்டெகாலாக்டோன். இதை ஆல்டிஹைட் சி-14 என்று விற்பார்கள், ஆனால் வேதியியல்படி அது ஆல்டிஹைட் வகையே இல்லை. பேரி சீக்கிரம் பறந்துவிடும். பீச், முகர்ந்து பார்க்கும் காகிதக் கீற்றில் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஐந்தாவது குப்பியில் பீச்சை அள்ளிவிட்டேன். மறுநாள் காலை முகர்ந்தால் நெரோலி இருந்த சுவடே இல்லை, ஜாம் பாட்டிலைத் திறந்த மாதிரி இருந்தது. அதற்குப் போட்ட நெரோலியை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

எட்டாவதில் பீச்சைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தேன். பெட்டிகிரேனைக் கூட்டினேன். அதன் கசப்புதான் வேலி மாதிரி நின்று இனிப்பை அடக்குகிறது. சம்பங்கி அப்சல்யூட் ஒரே ஒரு துளி. வெர்சாய் வளாகத்திலேயே இருக்கும் சிறிய அரண்மனையான திரியானோனில் ஒரு காலத்தில் சம்பங்கியை அவ்வளவு நெருக்கமாக நட்டிருந்தார்கள். மாலையில் அதன் வாசம் தாங்காமல் அரசவையினர் தோட்டத்தை விட்டே கிளம்பிவிடுவார்களாம். எனவே ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

மூடுவதற்கு முன் கீற்றில் தொட்டு வைத்தது மேஜையில் இருக்கிறது. இன்று காலை பேரி போய்விட்டது. ஆரஞ்சுப் பூ நிற்கிறது, அதன் அடியில் மெல்லிசாகப் பழம்.