டச்பே கடற்கரையில பாட்டுக் கேக்கிற ஆக்களுக்கு

கடற்காத்துக்க போன் ஸ்பீக்கரில ஜாஸ் போடாதீங்க. அலைச் சத்தம் பேஸை (அடித்தொனியை) அப்பிடியே விழுங்கிரும். ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின்ட 'கைண்ட் ஒஃப் ப்ளூ' (1959) அல்பத்தில, முதல் உருப்படியில மெட்டை வாசிக்கிறதே பேஸ் வாத்தியந்தான்! பழைய பதிப்புகளில முதல் மூண்டு உருப்படிக்கும் சுருதி கொஞ்சம் கூட. பதிவு மெஷின் மெதுவா ஓடினதால வந்த வினை, 1992இல்தான் திருத்தினாங்க. கூடச் சேர்ந்து வாசிச்சுப் பழகிறவங்க பதிப்பைப் பாத்து எடுங்க.

ரொக் குழு பிங்க் ஃப்ளோய்டின்ட 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' (1973) அல்பம் எண்டால், பாட்டு வரிசையைக் கலைச்சுப் போடுற ஷஃபிளை நிப்பாட்டுங்க. பாட்டுகள் ஒண்டுக்குள்ள ஒண்டு வழியும், நடுவில வெட்டினா எரிச்சல்தான்.

இளையராஜாவின்ட 'ஹவ் டு நேம் இட்' (1986) ரெண்டு காதிலயும் ஹெட்போன் மாட்டிக் கேக்கணும். ஜெர்மன் இசைமேதை பாக் எது, தியாகராஜர் எது எண்டு பிரிக்கப் போனா மண்டை காயும். என்ட ஓட்டு இதுக்குத்தான்.